'கேஸ்கேட்' என்ற சொல்லுக்குத் தமிழ்: அருவி எதுவரை பொருந்தும்?

வரைவாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். காயம் பட்டவுடன் குருதி எவ்வாறு உறைகிறது என்பதை விளக்கும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பொது வாசகர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் 'கேஸ்கேட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதிகள் அதற்கு முதற்பொருளாக அருவி, நீர்வீழ்ச்சி என்று தருவதால், முதல் வரைவில் 'உறைதல் நீர்வீழ்ச்சி' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த நண்பர், அந்தத் தொடரைக் கண்டதும் குருதி நிற்காமல் கொட்டும் காட்சிதான் மனத்தில் எழுகிறது என்றார். கட்டுரை சொல்ல வருவதற்கு நேர்மாறான காட்சி அது.

அதன் பிறகு கவனித்தபோது, மின்வலைச் செயலிழப்பு, இணையப் பக்க வடிவமைப்பு, சூழலியல், கதைகளில் வரும் கூந்தல் வருணனை என்று எங்கும் இதே சொல் இருப்பதைக் கண்டேன். இவை எல்லாவற்றையும் தாங்கக்கூடிய ஒரே தமிழ்ச்சொல் இருக்கிறதா, அல்லது இடத்துக்கு இடம் சொல்லை மாற்றுவதுதான் முறையா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வேர்நாடி:

உருவகத்தைப் பார்ப்பதற்கு முன் நேர்ப்பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நம் சிக்கலில் பாதி அங்கேயே தொடங்குகிறது. விழும் நீருக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உள்ளன. 'வாட்டர்ஃபால்' என்பது பொதுப்பெயர். 'கேட்டராக்ட்' என்பது பெருவெள்ளமாகப் பேரோசையுடன் பாய்வது. நைல் ஆற்றின் பாறைத்தடங்கல்கள் நிறைந்த விரைவோட்டப் பகுதிகளுக்கும் அதே பெயர்தான். 'கேஸ்கேட்' என்பது சிறியது, அல்லது பாறைப் படிகளில் கட்டங்கட்டமாக இறங்கும் வரிசையில் ஒன்று. இந்தப் 'படி' என்ற கூறு 'நீர்வீழ்ச்சி' என்ற நம் சொல்லில் இல்லை. ஒரே வீழ்ச்சியாக விழுவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், இத்தாலியத்தில் 'கஸ்கரே' என்றால் விழுதல். அதிலிருந்து 'கஸ்காத்தா' பிறந்து, பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் அடியில் இருப்பது 'கதேரே' என்ற இலத்தீன் வினை. விபத்தைக் குறிக்கும் 'ஆக்சிடென்ட்', சிதைவைக் குறிக்கும் 'டிகே', தற்செயலைக் குறிக்கும் 'சான்ஸ்' ஆகியவையும் அதே வினையின் வழிவந்தவைதாம்.

அந்தக் காலத்து ஐரோப்பியச் செல்வர்கள் தம் தோட்டங்களில் கல்படிகள் அமைத்து நீரை இறங்கவிட்டதையும் இச்சொல்லாலேயே குறித்தார்கள். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் 1696ஆம் ஆண்டு முதலில் கட்டப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட படியருவியில் 24 படித்தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றின் வெட்டும் சற்றே வேறுபடுவதால், நீர் எழுப்பும் ஓசையும் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. 'கேஸ்கேட்' என்ற சொல்லை நினைக்கும்போது இந்தப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். நேர்ப்பொருளுக்கு 'படியருவி' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

மலைமுகடு:

வேர்நாடி அவர்களின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வட அமெரிக்காவின் மேற்கில் கனடாவிலிருந்து வடக்குக் கலிஃபோர்னியா வரை நீளும் கேஸ்கேட் மலைத்தொடரின் பெயரை, அருவிகள் மிகுந்த மலை என்பதால் வந்த பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். கொலம்பியா ஆறு அந்த மலைகளைப் பிளந்து செல்லும் இடத்தில் இருந்த விரைவோட்டங்களுக்குத்தான் முதலில் 'கேஸ்கேட்ஸ்' என்ற பெயர் இருந்தது. அவற்றை அடையாளமாகக் கொண்டே மலைத்தொடர் முழுவதும் அப்பெயரைப் பெற்றது. 1938ஆம் ஆண்டு பான்வில் அணையின் நீர்த்தேக்கம் எழுந்தபோது அந்த விரைவோட்டங்கள் நீருக்குள் மூழ்கிவிட்டன. பெயர் மட்டும் மலைகளின் மேல் நிற்கிறது. ஒரு சொல் தன் நீரை இழந்த பிறகும் எப்படித் தொடர்ந்து வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

குருதியியல் மாணவி:

கேள்வி என் துறையைத் தொடுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன். குருதி உறைதலுக்கு இந்த உருவகம் வந்த ஆண்டு 1964. அதே ஆண்டில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் தனித்தனியே வெளியாயின. மாக்ஃபர்லேன் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'கேஸ்கேட்' என்ற சொல் இருந்தது. டேவியும் ராட்னாஃபும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'வாட்டர்ஃபால்' என்ற சொல் இருந்தது. எனவே, வரைவாளர் எழுதிய 'நீர்வீழ்ச்சி' முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஆனால் மருத்துவ நூல்களில் நிலைத்தது முதற்சொல்தான்.

அந்தச் சொல் எதைக் காட்டுகிறது என்றால், குருதியில் செயலற்ற நிலையில் மிதக்கும் ஒரு புரதம் நொதியாக விழித்தெழுகிறது. அது அடுத்த புரதத்தின் பல மூலக்கூறுகளை விழிக்கச் செய்கிறது. அவை ஒவ்வொன்றும் அதற்கடுத்ததன் மேலும் பல மூலக்கூறுகளை விழிக்கச் செய்கின்றன. இறுதியில் த்ராம்பின் என்ற நொதி, கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனைக் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைகளின் வலையே காயத்தை அடைக்கிறது. தொடக்கத்தில் மிகச் சிறிதாக இருந்த தூண்டுதல், படிக்குப் படி பெருகிப் பெரும் விளைவாக முடிகிறது. மாக்ஃபர்லேன் தம் தலைப்பிலேயே இதை ஓர் 'உயிர்வேதியியல் பெருக்கி' என்றும் குறிப்பிட்டார்.

இயற்கையில் உள்ள எந்த அருவியிலும் மேற்படியில் ஒரு குவளை நீர் விழுந்து கீழ்ப்படியில் நூறு குவளையாக ஆவதில்லை என்பதைக் கவனியுங்கள். உருவகம் அருவியிடமிருந்து படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெருக்கத்தைத் தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நீரைக் காட்டும் எந்தச் சொல்லும் இங்கே வாசகரை வழிதவறச் செய்யும் என்றே நினைக்கிறேன்.

நேர்க்கோடு:

இவ்வளவு சிந்திக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. 'சங்கிலித் தொடர் வினை' என்ற சொல் ஏற்கெனவே பள்ளிப் பாடநூல்களில் பழகிய சொல். ஒன்று அடுத்ததைத் தூண்டுகிறது என்பதுதான் கருத்து என்றால், எல்லா இடத்திலும் அதையே எழுதிவிடலாமே?

மின்பாதை:

நேர்க்கோடு அவர்களுக்கு: என் தொழில் மின்வலை சார்ந்தது, எங்கள் துறையில் 'கேஸ்கேடிங் ஃபெயிலியர்' என்று சொல்வதைச் சங்கிலி என்று நான் சொல்ல மாட்டேன். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தார்கள். தொடக்கம் ஒஹாயோ மாநிலத்தில் நிகழ்ந்தது. மின்சுமையால் சூடேறித் தொய்ந்த உயரழுத்தக் கம்பிகள், வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டுத் துண்டிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் அப்போது செயலிழந்திருந்ததால் பணியாளர்களுக்கு நிலைமை உடனே தெரியவில்லை. ஒரு பாதை அறுந்ததும் அதன் சுமை மறைந்துவிடாது. அருகிலுள்ள பாதைகளின் மேல் ஏறும். அவை தாங்கமாட்டாமல் துண்டிக்கப்படும்போது, முன்னதைவிடப் பெரிய சுமை எஞ்சியவற்றின் மேல் ஏறும்.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி அத்துடன் அறுந்துபோகிறது. அடுத்த கண்ணிக்குச் சுமை கூடுவதில்லை. எங்கள் நிகழ்வில் ஒவ்வோர் அறுப்பும் எஞ்சியதைக் கூடுதலாக நெருக்குகிறது. நான் அறிக்கைகளில் 'தொடர் சரிவு' என்று எழுதுகிறேன். மலைச்சரிவில் ஒரு பாறை பெயர்ந்து, அதன் மேலிருந்தது பெயர்ந்து, எல்லாம் சேர்ந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் உடனே விளங்கும்.

நேர்க்கோடு:

உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பெருக்கம்தான் வேறுபாடு என்றால் அது நிற்காது. யுரேனியம் அணுக்கரு பிளக்கும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்பட்டு, அவை மேலும் அணுக்கருக்களைப் பிளக்கின்றன. அங்கேயும் பெருக்கம் இருக்கிறது; ஆனாலும் எல்லோரும் அதைச் சங்கிலி வினை என்றே சொல்கிறார்கள்.

குருதியியல் மாணவி:

நல்ல மறுப்பு. இதற்காக நேற்று இரவு வெகுநேரம் யோசித்தேன். பெருக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்ட என் முந்தைய விளக்கம் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். அணுக்கருப் பிளவில் ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் நடக்கிறது. முதல் பிளவுக்கும் ஆயிரமாவது பிளவுக்கும் வகையில் வேறுபாடு இல்லை. குருதி உறைதலில் ஒவ்வொரு படியிலும் வேறொரு புரதம், வேறொரு வினை. ஒரு படியை நீக்கினால் அதன் இடத்தை மற்றொன்று நிரப்பாது. இந்தப் புரதங்களைக் 'காரணி' என்று எண்ணிட்டு அழைப்போம்; எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ, ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா பி என்று, குருதி எளிதில் உறையாத நோய்களே குறைபட்ட படியைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன. ஆகவே சங்கிலியில் கண்ணிகள் ஒத்தவை, படிகளில் நிலைகள் வேறானவை என்பதுதான் என் இப்போதைய கருத்து.

சூழலியலில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சூழலியலாளர் ராபர்ட் பெயின் 1980ஆம் ஆண்டு, உணவுநிலைகளின் வழியே படிப்படியாக இறங்கும் விளைவைக் குறிக்க 'ட்ரோஃபிக் கேஸ்கேட்' என்ற தொடரை ஆண்டார். கடல் நீர்நாய்கள் கடல் முள்ளெலிகளைத் தின்கின்றன. முள்ளெலிகள் கெல்ப் என்னும் பெரும்பாசியைத் தின்கின்றன. நீர்நாய்கள் வேட்டையாடப்பட்டுக் குறைந்த கரைகளில் முள்ளெலிகள் பெருகிப் பாசிக்காடுகள் அழிந்தன. இங்கே 'உணவுச் சங்கிலி' என்பது அமைப்பின் பெயராக ஏற்கெனவே நிற்கிறது. அந்தச் சங்கிலியின் வழியே மேலிருந்து கீழே இறங்கும் விளைவுக்குத்தான் வேறு பெயர் தேவைப்பட்டது. அதையும் சங்கிலி என்றே சொன்னால், ஆற்றுக்கும் வெள்ளத்துக்கும் ஒரே பெயர் வைத்ததுபோல் ஆகிவிடும்.

நேர்க்கோடு:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன். சங்கிலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வலைத்தறி:

இணையப் பக்கங்களை உருவாக்குபவன் என்ற முறையில், பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் முதலெழுத்து 'கேஸ்கேடிங்' என்பதையே குறிக்கிறது. ஹோகோன் வியும் லீ 1994ஆம் ஆண்டு அதை முன்மொழிந்தார். 1996ஆம் ஆண்டு அது தரநிலையாக ஏற்கப்பட்டது. ஒரு பக்கத்தின் தோற்றத்தைப் பற்றி உலாவிக்கு ஒரு விருப்பம், படிப்பவருக்கு ஒரு விருப்பம், பக்கத்தை எழுதியவருக்கு ஒரு விருப்பம் இருக்கலாம். இவை மோதும்போது எது நிற்கும் என்று முடிவுசெய்யும் வரிசைதான் அங்கே கேஸ்கேட்.

பெருக்கமும் இல்லை, சரிவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள்களில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைப்பதுபோன்ற நிலை. அது மட்டுமல்ல, சாதாரண விதிகளில் எழுதியவரின் சொல் படிப்பவரின் சொல்லை வெல்லும், ஆனால் 'முக்கியம்' என்று குறிக்கப்பட்ட விதிகளில் படிப்பவரின் சொல் எழுதியவரின் சொல்லை வெல்லும். பார்வைக் குறைபாடு உள்ளவர் பெரிய எழுத்தை வேண்டினால் அவர் விருப்பமே நிலைக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நீர் கீழிருந்து மேலே ஏறுவது போன்ற ஏற்பாடு இது. 'விழுத்தொடர்' என்ற ஆக்கத்தை நான் கண்டிருக்கிறேன். அதை உருவாக்கியவரின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் இங்கே எதுவும் விழவில்லை. 'அடுக்கு' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

அறல்மணல்:

நான் அறிவியல் அறிந்தவள் அல்லள், கதைகளை மொழிபெயர்க்கிறேன். எனக்கு இந்தச் சொல் பெரும்பாலும் கூந்தலாகவும் துணியாகவும் கொடிப்பூக்களாகவும் வருகிறது. ஆங்கிலக் கதைகளில் பெண்ணின் கூந்தல் தோளின்மேல் 'கேஸ்கேட்' ஆகிறது. அதை 'அருவியாய்க் கொட்டியது' என்று எழுதிவிடுவது எளிது. நானும் தொடக்க காலத்தில் அப்படி எழுதியவள்தான். இன்று அதைப் படிக்கும்போது, அந்தக் கூந்தல் ஈரமாகவும் வெண்மையாகவும் தோன்றுகிறது. தமிழ்க் காதுக்கு அருவி வெண்மையானது. 'வெள்ளருவி' என்றே பழைய பாடல்கள் சொல்கின்றன.

கூந்தலுக்கு நம் மரபில் நீர்சார்ந்த உவமை இல்லாமல் இல்லை. ஆறு ஓடி வடிந்த இடத்தில், கருமணலில் நெளிநெளியாகப் படிந்திருக்கும் வரிகளுக்கு 'அறல்' என்று பெயர். சங்கப் புலவர்கள் கூந்தலை அதற்கு ஒப்பிட்டார்கள். நீரை விட்டுவிட்டு, நீர் மணலில் எழுதிச் சென்றதை எடுத்துக்கொண்ட உவமை அது. கருமையும் நெளிவும் அதில் ஒருங்கே வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்தப் புனைபெயரையும் வைத்துக்கொண்டேன்.

துணியைப் பொறுத்தவரை நம் மரபு எதிர்த்திசையில் சென்றிருக்கிறது. ஆங்கிலத்தில் துணி அருவிபோல விழுகிறது. தமிழிலோ அருவி துணிபோல அசைகிறது. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியில் பழமுதிர்சோலை அருவி பல துகிற்கொடிகள்போல நுடங்கி வருகிறது. அகிலைச் சுமக்கிறது, சந்தன மரத்தை உருட்டுகிறது, மூங்கிலை வேரோடு பெயர்க்கிறது, தேனடையைச் சிதைக்கிறது, குரங்குகளை நடுங்கச் செய்கிறது. இவ்வளவும் ஒரே நீண்ட தொடரில், வினைமேல் வினையாக அடுக்கப்பட்டு, கடைசியில்தான் 'இழுமென இழிதரும் அருவி' என்று முடிகிறது. 'கேஸ்கேட்' என்ற சொல்லைத் தேடும் நமக்கு, அந்தத் தொடரின் நடையே அதுவாக இருப்பது புரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அங்கே 'இழிதல்' என்றால் இறங்குதல், அவ்வளவே. இன்றைக்கு 'இழிவு' என்றால் இறக்கம் என்று யாரும் கொள்வதில்லை. 'வீழ்ச்சி', 'தாழ்வு' ஆகியவற்றின் நிலையும் அதுதான். கீழ்நோக்கிய அசைவைக் குறித்த நம் சொற்கள் பெரும்பாலும் சிறுமையின் பக்கம் சாய்ந்துவிட்டன. 'நீர்வீழ்ச்சி' என்ற கூட்டுச்சொல்லில் நீர் என்ற பகுதி பாதுகாப்பாக இருப்பதால் அது தப்பித்தது. உருவகத்தில் நீரை எடுத்துவிட்டால் வெறும் வீழ்ச்சிதான் எஞ்சும். கூந்தலுக்கு நான் இப்போது 'சரிந்தது', 'வழிந்தது', 'தாழ்ந்து தவழ்ந்தது' என்ற வினைகளையே பயன்படுத்துகிறேன். பெயர்ச்சொல்லைத் தேடுவதைக் கைவிட்டு வினைச்சொல்லிடம் வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது.

வேர்நாடி:

அறல்மணல் அவர்களின் பதிவைப் பலமுறை படித்தேன். 'கேட்டராக்ட்' பற்றி ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். கண்புரை நோய்க்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்டு. கண்ணுக்குள் ஒரு நீர் மேலிருந்து இறங்கிப் பார்வையை மறைப்பதாகப் பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவ நூல்களும் அதை நீர் இறங்குதல் என்றே குறித்தன. கோட்டை வாயிலில் மேலிருந்து இறக்கப்படும் கதவுக்கு இலத்தீனில் அதே பெயர் இருந்ததால் வந்தது என்று கொள்வோரும் உண்டு. தமிழில் 'புரை' என்று சொல்லி, நீரே இல்லாமல் அந்த நோயைத் தெளிவாகக் குறித்துவிட்டோம். அதனால் எதையும் இழக்கவில்லை.

மென்பொருளைக் கட்டங்கட்டமாக, ஒன்று முடிந்த பின் அடுத்தது என்று உருவாக்கும் 'வாட்டர்ஃபால்' முறையும் நீர் இல்லாமலே தொடங்கியதுதான். அந்த முறையின் தொடக்கம் என்று சுட்டப்படும், மென்பொருள் பொறியாளர் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் அச்சொல் இல்லவே இல்லை. படிப்படியாக இறங்கும் பெட்டிகளின் படம் மட்டுமே இருந்தது. பெயரைப் பிறர் 1976இல் வைத்தார்கள்.

வரைவாளர்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நான் கேட்டது ஒரே சொல். அப்படி ஒன்று இல்லை என்பது எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. நேர்ப்பொருளில் படியருவி, மின்வலையில் தொடர் சரிவு, இணையத்தில் அடுக்கு, கூந்தலுக்கு வினைச்சொல் என்று குறித்துக்கொண்டேன். குருதிக்கு 'உறைதல் படித்தொடர்' என்று வைத்து, முதல் பத்தியை இவ்வாறு திருத்தியிருக்கிறேன்:

'குருதி உறைதல் ஒரே நொடியில் முடியும் ஒற்றை வினையன்று. ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பன்மடங்கு வலுவாக எழுப்பும் படித்தொடர் அது. முதற்படியில் ஒரு சில மூலக்கூறுகளே விழிக்கின்றன. கடைசிப் படியில் காயத்தை மூடப் போதுமான வலை பின்னப்பட்டுவிடுகிறது.'

இது சரியாக உள்ளதா?

குருதியியல் மாணவி:

மிக நன்றாக வந்திருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். 'ஒவ்வொரு படியும் அடுத்த படியை' என்பதோடு நிறுத்தினால் ஓட்டம் ஒரே திசையில் மட்டும் செல்வதாகப் படும். கடைசிக்கு அருகில் தோன்றும் த்ராம்பின் திரும்பிச் சென்று, முன்படிகளில் உள்ள ஐந்தாம், எட்டாம், பதினோராம் காரணிகளையும் தூண்டுகிறது. இவ்வினைகளில் பெரும்பகுதி குருதித்தட்டுகளின் பரப்பில் நடக்கிறது என்றும் இன்று விளக்குகிறார்கள். ஆகவே இரண்டாம் வாக்கியத்துக்குப் பிறகு, 'பின்படியில் பிறக்கும் நொதி முன்படிகளுக்கும் திரும்பிச் சென்று அவற்றை விரைவுபடுத்துகிறது' என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். 'நீர்வீழ்ச்சி' என்று வைத்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடிந்திருக்காது. 'படி' என்று வைத்ததால் ஏறவும் இறங்கவும் இடம் கிடைத்திருக்கிறது.